தேனீ வாசலில் செருக்கிய பூக்கள்

எங்களுக்கு அறை தந்த ஹெர் கெர்பர் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாகப் பின்னேரம்தான் வேலையால் வருவார். அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டார். சைக்கிளின் பின் கரியரில், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய சின்னப் பொதி ஒன்று இருந்தது.

நான் அவருடைய தேனீக் கொட்டிலுக்கு முன்னால் நின்றேன். ஏழு மாத வயிறு. கையில் விளக்குமாறு. பக்கத்தில் நடேசண்ணை, அவர் கையில் மண்வெட்டி. எங்கள் காலடியில் ஒரு புல் பூண்டு இல்லாமல் செருக்கி, கூட்டி, தண்ணீர் தெளித்த நிலம். வேலி மூலையில் வாடத் தொடங்கிய மஞ்சள் பூக்கள் ஒரு குவியல்.

நான் சிரித்தேன். நல்லாயிருக்கிறது என்று சொல்லுவார் என்றுதான் காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். கொட்டிலைப் பார்த்தார். பிறகு கரியரிலிருந்த பொதியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கதைப்போம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் கத்தியிருக்கலாம். கத்துகிற ஆட்களிடம் எனக்குப் பயமில்லை. நானும் திருப்பிக் கத்துவேன், விசயம் அதோடு முடிந்துவிடும். நாள் குறித்துவிட்டு உள்ளே போகிற மனுசரை என்ன செய்வது?

இரண்டு அறையும் ஒரு துண்டுக் கடுதாசியும்

போன கிழமை இந்தப் பத்தியில், அகதியாக வந்த புதிதில் எங்களை நிலத்தடிப் பங்கருக்குள் படுக்க வைத்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுப் பாடனிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்து, அங்கிருந்து வெளிக்கிட்டு எங்கே போனீர்கள் அக்கா என்று கேட்டார். கெர்பர் வீட்டுக்குத்தான் போனோம் தம்பி. அதுவும் லேசில் நடக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எந்த வருசம் என்று இவரைக் கேட்டால் ஒன்று சொல்லுவார், நான் ஒன்று சொல்லுவேன். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.

அந்த நாட்களில் வீடு தேடுவது என்றால் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று காசு போட்டுக் கதைப்பதுதான். இவருடைய ஜெர்மன் பரவாயில்லை. அறை இருக்கிறதா என்று கேட்டால், ஓம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்பார்கள். பெயர் என்ன என்று கேட்பார்கள். சிவயோகநாதன் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த அறைக்குக் கால் முளைத்து எங்கேயோ ஓடிவிடும்.

இவர் அப்போது லாங்கன்தாலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினார். ஹெர் கெர்பர் அங்கே கிழமைக்கு ஒரு தரம் சீட்டாட வருவார். பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. தான் சுட்டுக் கொடுத்த கோப்பைகளை ஒரு தமிழன் உடைக்காமல் கழுவி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள், நீயும் பெண்சாதியும் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார். அடுத்த கிழமையே பட்டணத்துக்கு வெளியே இருந்த அவர் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறை எங்களுக்குக் கிடைத்தது.

அந்தத் தெருவுக்கு அது பிடிக்கவில்லை. முன்வீட்டு மனுசி ஃபிராவ் ட்சாவுக் நான் செத்தல் மிளகாய் பொரித்த மணத்தைப் பற்றிக் கிராமக் கந்தோருக்குப் போய் முறையிட்டுவிட்டு வந்தார். ஹெர் கெர்பர், பொரிக்கும்போது பின் யன்னலைத் திற என்று மட்டும் எனக்குக் காட்டித் தந்தார்.

வாசல் மணிக்குப் பக்கத்தில் அவர்கள் பெயர் பித்தளையில் இருந்தது. அதற்குக் கீழே எங்கள் பெயரை இவர் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி ஒட்டினார். முழுப் பெயர் அந்தத் துண்டில் அடங்கவில்லை, அதனால் சிவா என்று மட்டும். மழை பெய்தால் மை கரைந்துவிடும், மறுபடி எழுதி ஒட்டுவோம். எங்களுடைய எல்லாமே அப்போது தற்காலிகம்தான். கந்தோரிலிருந்து வருகிற ஒவ்வொரு தாளிலும் அந்தச் சொல் இருந்தது. இருக்கலாம், ஆனால் இப்போதைக்கு.

ஏன் செருக்கினேன்

இந்தக் கதையைச் சொன்னால் என் பிள்ளைகள் தலையில் கை வைக்கிறார்கள். உனக்கு ஏனம்மா அந்த வேலை என்கிறார்கள். அவர்கள் இங்கே பிறந்தவர்கள். ஒரு வளவு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லித் தந்தது?

யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் புல் நிற்கவே கூடாது. விடிந்ததும் கூட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். மழைக்குப் பிறகு புல் தலை காட்டினால் மண்வெட்டியால் நிலத்தோடு செருக்கி எடுக்க வேண்டும். முற்றத்தில் புல் நின்றால், இந்த வீட்டுப் பொம்பிளைக்கு என்ன வருத்தமோ என்று ஊர் கேட்கும். எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்க முன்னம் முற்றத்தைத்தான் பார்த்தார்கள். அது வெறும் பகட்டும் இல்லை. புல்லுக்குள் பாம்பு கிடக்கும்.

கெர்பர் வீட்டில் யன்னல் கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருக்காது. விறகைக்கூட ஒரே அளவாக அறுத்து, பெட்டியில் வைத்ததுபோல அடுக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டின் பின்னால், தென்பக்கச் சுவரோரம் தேனீக் கொட்டிலுக்கு முன்னால் மட்டும் ஒரு துண்டு நிலம் பற்றையாகக் கிடந்தது. பல்லுப் பல்லாக இலை, நடுவில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பாவம், அவர்களுக்கு நேரமில்லை என்று நான் நினைத்தேன். தேனீ வாசலும் ஒரு வாசல்தானே.

அதற்குள் சித்திரை வருசப் பிறப்பும் கிட்டிவிட்டது. அவருடைய பெண்சாதி ஃபிராவ் கெர்பர் தன் பிள்ளைகள் படுத்த தொட்டிலைத் துடைத்து எனக்குத் தந்திருந்தார். கைம்மாறாக நான் எதைக் கொடுக்கிறது? என்னிடம் இருந்தது கை கால்தான்.

நடேசண்ணைக்குச் சொல்லி அனுப்பினேன். ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர், நாற்பது வயது இருக்கும். இங்கே வேலை செய்ய அனுமதி வரவில்லை. ஸ்டேசனடியில் எங்கடை ஆட்களோடு ஒரு வீட்டில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டி என்று கேட்டதும் ஓடிவந்துவிட்டார். கெர்பரின் விறகுக் கொட்டிலுக்குள் நீளப் பிடி போட்ட ஒன்று இருந்தது. அவர் செருக்க, நான் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் அந்த நாட்டில் முதன்முதலாக வியர்த்தோம். பகிடி வேறு.

"இதுக்கு ஜெர்மனில சிங்கப்பல் எண்டு பேராம் பிள்ளை," என்றார் நடேசண்ணை. "கொடியில நிக்கிற சிங்கத்துக்கு ஊரில ஒருத்தராலயும் பிடுங்க ஏலாததை நாங்கள் ரெண்டு பேரும் ஒரு காலமைக்குள்ள பிடுங்கிப்போட்டம்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு இறுகிவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்கு முன்னம்தான் படலை திறந்தது.

குளிர் காற்றில் ஒரு கூடு

பின்னேரம் ஃபிராவ் கெர்பர் மேலே வந்தார். அவர் அறிவுரை சொல்லவில்லை. என் குசினிக் கதிரையில் இருந்து, என் அரைகுறை ஜெர்மனுக்கு ஏற்றபடி கையாலும் விரலாலும் சொன்னார். நடுவில் இவரும் வேலையால் வந்து சேர்ந்து, எனக்கு விளங்காததைத் தமிழில் சொன்னார்.

அந்தக் கொட்டிலில் நீலமும் மஞ்சளும் சிவப்புமாக எத்தனையோ சின்னக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கூடு இருந்தது. குளிர்காலம் முடிந்து திறந்து பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதிலும் கொஞ்சத் தேனீக்கள். ராணி இப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. புழுக்களுக்கு ஊட்டப் பூந்தூள் வேண்டும். சீனிப் பாகு வைக்கலாம், பெரிய தேனீ அதைக் குடிக்கும், ஆனால் சீனியைக் கொண்டு பிள்ளை வளர்க்க ஏலாது.

இன்னும் கொஞ்ச நாளில் கீழே இருக்கிற புல்வெளிகள் எல்லாம் இதே பூவாக மஞ்சளாகிவிடும். ஆனால் அந்த வருசம் பீஸே என்கிற வடகிழக்குக் காற்று ஓயவில்லை, இரவில் உறைபனி. அந்தக் குளிரில் தேனீ தூரம் பறக்காது. தென்சுவர் வெயிலைப் பிடித்து வைக்கிறபடியால் அதன் அடியில் மட்டும் பூ முன்னதாகவே பூக்கும். அதற்காகத்தான் ஹெர் கெர்பர் அந்தத் துண்டைத் தொடாமல் விட்டிருந்தார்.

நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். துப்புரவான மண். என் கூட்டல் வரிகள்கூட வடிவாகத் தெரிந்தன.

ஃபிராவ் கெர்பர் போன பிறகு இவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தொட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு எழும்பச் சொன்னால், வயித்துப் பிள்ளையோட எங்க போறது சாந்தி?"

அவர் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். மறுபடி தொலைபேசிக் கூண்டு, மறுபடி கால் முளைத்து ஓடுகிற அறைகள். அழுகை வந்தது. அழுதேன்.

பன்றிப்பூவின் பெருமைகள்

சிங்கப்பல் என்பது புத்தகப் பெயர். அந்தத் தெருச் சனங்கள் அதைப் பன்றிப்பூ என்றுதான் சொல்லுவார்கள். பெயர்தான் அப்படி. அதைத் தின்னாத உயிர் அந்தத் தெருவில் இல்லை என்று நான் பிறகுதான் அறிந்தேன்.

முயல் தின்னும். மாடு தின்றால் வெண்ணெய் நல்ல மஞ்சளாக வரும் என்று பால்காரர் சொல்லுவார். குளிர் விட்டதும் முதலில் நிலத்திலிருந்து எழும்புகிற கொழுத்த கருவண்டுத் தேனீ, வெறும் வயிற்றோடு இந்தப் பூவில்தான் வந்து விழும். பூ முடிந்து வெள்ளைப் பஞ்சாகிப் பறக்க ஆயத்தமாக நிற்கும்போது, முகம் சிவந்த சின்னக் குருவி ஒன்று தண்டில் தொங்கிக்கொண்டு விதையைப் பிடுங்கித் தின்னும். தண்டு வளைந்து நிலத்தைத் தொடும், குருவி விடாது.

மனுசரும் சும்மா விடவில்லை. பிஞ்சு இலையை அவித்த முட்டையோடு சலாது போடுவார்கள். பூவைச் சீனியோடு காய்ச்சித் தேன் மாதிரிப் பாகு எடுப்பார்கள். உலக யுத்த காலத்தில் கோப்பி கிடைக்காதபோது இதன் வேரை வறுத்து இடித்துக் குடித்தோம் என்று ஃபிராவ் கெர்பர் சொன்னார். அது எப்படியிருந்தது என்று கேட்டேன். சூடாயிருந்தது என்றார்.

அன்றைக்கு மூலையில் கிடந்த குவியலை எறிய எனக்கு மனம் வரவில்லை. எறிந்தால் செய்தது இரட்டைப் பாவம் ஆகிவிடும் போலிருந்தது. இலையை ஆய்ந்து, கழுவி, பொடியாக அரிந்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தேங்காய்ப்பூத் தூவி ஒரு வறை வறுத்தேன். அந்தத் தேங்காய்ப்பூ கேக்குக்குப் போடுகிற காய்ந்த சாமான், பாலில் ஊறப்போட்டு எடுத்தது. கைத்தது. ஆனால் கடல் தாண்டி வந்த பிறகு நான் வாய் நிறையக் கீரை தின்றது அன்றைக்குத்தான். கைப்பும் ஊர்க் கைப்புதான், ஏறக்குறைய வல்லாரை மாதிரி. கவலையிலும் இரண்டு தரம் போட்டுத் தின்றேன். வயிற்றுக்குள் இருந்தவனும் துள்ளினான்.

இலையை முறிக்கும்போது வடிகிற பால் கையில் பட்டுக் காய்ந்து மண்ணிறமாகிவிட்டது. எத்தனை சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அடுத்த நாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் யன்னலடியில் நின்றேன்.

தெருவைக் கடந்தது

எதிரே ஃபிராவ் ட்சாவுக் தன் வீட்டு முன்சுவரோரம் முழங்காலில் இருந்தார். கையில் நுனி பிளந்த நீளக் கத்தி. கல்லிடுக்கில் குத்தி, நெம்பி, வேரோடு ஒன்றை எடுத்துப் பக்கத்து வாளியில் போட்டார். மஞ்சள் பூ. அந்தச் சுவரும் தெற்கே பார்த்த சுவர்.

எனக்குப் பொறி தட்டியது. வேரோடு எடுக்கலாம் என்றால் வேரோடு நடலாம்தானே. எங்கள் ஊரில் புகையிலைக் கன்றும் மிளகாய்க் கன்றும் எத்தனை ஆயிரம் நாற்றுமேடையிலிருந்து தோட்டத்துக்குப் போயிருக்கிறது. களையை யாரும் நாற்று நடுவதில்லை, அவ்வளவுதான்.

சால்வையைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன். வந்த நாளிலிருந்து அந்தத் தெருவின் மறுபக்கத்தில் நான் கால் வைத்ததில்லை. ஃபிராவ் ட்சாவுக் நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நான் வாளியைக் காட்டி, தயவுசெய்து என்றேன். அந்தச் சொல் ஒன்று எனக்கு நன்றாக வரும்.

"நீங்களும் முயல் வளக்கிறீங்களோ?" என்று கேட்டார். அவர் வளர்த்தார். அந்த வாளி அதுகளுக்குத்தான்.

இல்லை என்று தலையாட்டினேன். தேனீ, ஹெர் கெர்பர் என்று இரண்டு சொல் சொன்னேன். மிச்சத்தை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர் என் தோளுக்கு மேலால் அந்த வெறும் மண்ணைப் பார்த்தார். தெரு முழுக்க அதை முதல் நாளே பார்த்திருந்தது.

சிரிப்பாரோ ஏசுவாரோ என்று நின்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு மண்வாரியோடு திரும்பி வந்தார். கத்தியால் எடுத்தால் வேர் அறுந்துபோகும், மண்ணோடு தோண்ட வேண்டும் என்று செய்து காட்டி, முதல் கட்டியைத் தானே தோண்டி என் முன்னால் வைத்தார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆள் இல்லை.

நடேசண்ணை ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். ஃபிராவ் ட்சாவுக் சுவரோரம் முடிந்ததும், அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் அவரே ஏதோ குரல் கொடுத்தார். அந்த வீட்டுக்காரரும் வந்து தன் சுவரோரத்தைக் காட்டினார். ஞாயிறு வந்தால் தோட்டத்தைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று பன்றிப்பூவை வருசக்கணக்காகத் தோண்டி எறிந்த தெரு அது. இரண்டு தமிழர் வீடு வீடாக வந்து அதைத் தாருங்கள் என்று கேட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

நடேசண்ணையின் தகப்பன் தோட்டக்காரன். வங்கி மேசையில் இருந்தாலும் கை மறக்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் நட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். குழி தோண்டி, தண்ணீர் விட்டு, கட்டி உடையாமல் இறக்கி, சுற்றி மண் அணைத்து, விரலால் அமர்த்தி, வரிசை வரிசையாக.

"வரிசை எதுக்கு அண்ணை, இது புகையிலைத் தோட்டமோ?" என்று கேட்டேன்.

"நட்டால் வரிசையிலதான் பிள்ளை நடவேணும்," என்றார்.

சேலை போர்த்திய நிலம்

இரவில் உறைபனி என்று வானொலி சொன்னது. புதிதாக நட்ட கன்றுக்கு முதல் இரவுதான் கண்டம். ஊரில் வெயிலுக்கு மறைப்போம், இங்கே குளிருக்கு மறைக்க வேண்டும். சாக்குக்கு எங்கே போவது?

பெட்டியைத் திறந்தேன். கொண்டுவந்த நூல் சேலைகளை எல்லாம் எடுத்தேன். கூறைச் சேலையை மட்டும் திருப்பி வைத்துவிட்டேன், அவ்வளவு தூரத்துக்கு எனக்குப் பக்தி இல்லை. இவர் மறுநுனியைப் பிடித்தார். குச்சி நட்டு, அதன்மேல் விரித்து, கரையில் கல் வைத்தோம்.

விடிய ஹெர் கெர்பர் வேலைக்குப் போக வெளியே வந்தார். அவருடைய வளவில் பச்சையும் ஊதாவும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகள் விரித்துக் கிடக்க, மேலே வெள்ளையாகப் பனி. அவர் நின்று பார்த்ததை நான் மேலிருந்து பார்த்தேன். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வெயில் வந்ததும் சேலைகளைத் தூக்கினேன். பூ எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. இலை நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. அன்று முழுக்கத் தண்ணீர் விட்டேன். பின்னேரமும் அப்படியே. இவர் ஒரு பெட்டியை எடுத்து மெல்ல உடுப்பு அடுக்கத் தொடங்கியதைக் கண்டும் காணாததுபோல இருந்தேன்.

சனிக்கிழமை காற்று நின்றது. வெயில் அந்தச் சுவரில் நேராக விழுந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு கீழே போய்க் குந்த ஏலாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தேன். முன்வரிசையில் ஒன்று தலை நிமிர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்க இன்னொன்று. மூடிக் கிடந்த மொட்டுகள் மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக விரிந்தன.

நீலக் கதவடியில் ஒரு தேனீ வெளியே வந்து பலகையில் நின்றது. கிறுகிறுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, என் காலடிப் பூவில் இறங்கியது. பூவுக்குள் புரண்டு எழும்பியபோது உடம்பெல்லாம் மஞ்சள் தூள். பின்கால் இரண்டிலும் அதைத் திரட்டி உருட்டிக்கொண்டு, பாரத்தில் சரிந்து சரிந்து நீலக் கதவுக்குள் போனது. பிறகு வேறொன்று வந்தது. எனக்கு அந்த நேரம் அதுகளைக் கும்பிட வேணும் போலிருந்தது.

பின்னால் ஹெர் கெர்பர் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை இன்னும் ஞாயிற்றுக்கிழமை இல்லைத்தானே.

இடையில் ஒரு சொல்

இந்த இடத்தில், எங்களையும் அப்போது களை என்று நினைத்தார்கள், பிடுங்கி நட்டார்கள், நாங்களும் பூத்தோம் என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும். ஆசிரியரும் சந்தோசப்படுவார். நான் எழுதப்போவதில்லை. மனுசர் மனுசர்தான், பூ பூதான்.

ஆனால் ஒன்று நினைக்கிறேன். திரிம்பாக்கில் இருக்கிற எங்கடை கோயிலுக்கு ரயிலில் போகும்போது யன்னலால் பார்த்தால், புல்வெளிகள் இப்போது ஒரே பச்சை. நேரத்தோடு வெட்டிவிடுகிறார்கள், பூக்க விடுவதில்லை. துப்புரவாக, வடிவாக இருக்கிறது, என் முற்றம் மாதிரி. அந்த வடிவைப் பார்க்க எனக்கு இப்போது அந்தரமாயிருக்கிறது. ஒரு நிலத்தில் எனக்குத் தேவையில்லாதது யாருக்கும் தேவையில்லாதது என்று நான் எப்படி முடிவெடுத்தேன்? அதைக் கேட்க எனக்கு ஒரு கூடு தேனீ தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை

தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. எந்த நேரம் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. இவர் சேர்ட் போட்டு, தலை வாரி, கட்டிலில் இருந்தார். எழும்பச் சொன்னால் பிள்ளை பிறக்கும் மட்டும் இருக்க விடுங்கள் என்று கேட்பதற்கு ஜெர்மனில் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கீழே வாசலில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு மரத்தில் திருகுகிற சத்தம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாசல் மணிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

நான் முதலில் இறங்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிப் பிடியைப் பிடித்துக்கொண்டு. வாசல் கதவு திறந்திருந்தது. நாங்கள் எழுதி ஒட்டிய துண்டுக் கடுதாசி கிழிந்து நிலத்தில் கிடந்தது. ஹெர் கெர்பர் எனக்கு முதுகு காட்டி நின்று திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் போறம்," என்று நான் தமிழில் சொன்னேன். ஜெர்மன் எல்லாம் மறந்துவிட்டது.

அவர் திரும்பி விலகினார். பித்தளைப் பெயருக்குக் கீழே வெள்ளைப் பீங்கானில் ஒரு தகடு. நீல எழுத்தில், சூளையில் சுட்டு, முழுப் பெயர். சிவயோகநாதன். ஒரு எழுத்துக் குறையவில்லை.

"கடுதாசி மழைக்கு நிக்காது," என்றார் ஹெர் கெர்பர். திருகாணிச் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தேனீ இன்றைக்கும் பூந்தூள் கொண்டுபோகிறது, பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கதை அவ்வளவுதான்.

இவர் மனப்பாடம் பண்ணியதை வைத்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டார். நான் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து வழுவழுவென்றிருந்தது. புதன்கிழமை இரவு சேலை விரித்ததற்கு இது கூலியோ, பூ பிழைத்ததற்குப் பரிசோ என்று ஃபிராவ் கெர்பரிடம் கேட்டேன். அவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். சூளையில் ஒன்றைச் சுட்டு எடுக்க நாள் பிடிக்கும், இது போன செவ்வாய்க்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டது, இத்தனை நாளும் மேசை லாச்சிக்குள் கிடந்தது என்றார். அன்றைக்கே வாசலில் பொருத்திவிட வேண்டும் என்றுதான் ஹெர் கெர்பர் வேலையால் நேரத்தோடு வந்தாராம்.

செவ்வாய்க்கிழமை. நாங்கள் செருக்கிய நாள். படலையடியில் சைக்கிள், கரியரில் செய்தித்தாள் பொதி, அதை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போன மனுசர். அவருடைய கடைசிக் கூட்டின் வாசலை நான் கூட்டித் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்க, எங்கள் பெயரைக் கையில் வைத்துக்கொண்டல்லவா அவர் நின்றிருக்கிறார்.